உங்கள் பெயரில் ஒரு பக்கம்



செங்கம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். எழுத வேண்டும் என்ற ஆசை அவருக்கு வெகுநாளாக உண்டு. சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்கலாமா என்று யோசிக்கிறார். வீட்டில் உள்ளவர்களோ, “ஊரே ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இருக்கும்போது தனியாக நீ எழுதினால் யார் வந்து படிப்பார்கள்?” என்று கேட்கிறார்களாம். “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும் என்பதால் காரணத்தை இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

செங்கம் என்றால் கல்வெட்டு படித்தவர்களுக்கு நடுகற்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். நம் திருவண்ணாமலை மாவட்டத்தின் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் கிடந்த அந்தக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தேடித் தேடிப் படியெடுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. எடுத்தனூரில் உள்ள ஒரு கல்லைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நாட்டியது. ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமை. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்டவன் கருந்தேவக்கத்தி. அவனுக்காக எடுத்த கல்லில் அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல் சொல்கிறது.

கருந்தேவக்கத்தி அரசன் இல்லை, புலவனும் இல்லை. அவன் ஊர்க்காரர்கள் தங்களுக்கு நடந்ததைத் தங்கள் ஊரில், தங்கள் பேச்சில், பெயர் விடாமல் எழுதி வைத்தார்கள். அதனால்தான் ஒரு நாயின் பெயர்கூட இன்று நமக்குத் தெரிகிறது. பெரியவர்களைப் பற்றி எழுத அரண்மனையும் கோயிலும் இருந்தன. எளியவர்களின் கதை நிலைக்க வேண்டுமானால், அதை அவர்களே ஓர் இடம் பார்த்து நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் நிலைமை அப்படித்தான் இருக்கிறது.

சமூக ஊடகத்தைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. காணாமல்போன பிள்ளையைக் கண்டுபிடிக்கவும், அவசரத்துக்கு ரத்தம் கேட்கவும், வெள்ளத்தில் மாட்டியவருக்குப் படகு அனுப்பவும் அதைவிட வேகமான வழி இன்று இல்லை. அது பேசுவதற்கான இடம். மகா தீபத்தன்று மாலை தேரடித் தெருவில் நின்று பேசுவதைப் போன்றது அங்கே எழுதுவது. சுற்றிலும் ஆயிரம் பேர் இருப்பார்கள். நம் குரல் நாலு பேர் காதில் விழும். அவர்களும் அடுத்த நிமிடமே கூட்டத்தோடு நகர்ந்துவிடுவார்கள்.

சென்ற ஆண்டு ஃபேஸ்புக்கில் நீங்கள் மனம்விட்டு எழுதிய ஒரு பதிவை இப்போது தேடிப் பாருங்கள். எழுதிய உங்களுக்கே எளிதில் சிக்காது. மற்றவர்களின் கதி என்ன? அங்கே எந்தப் பதிவு யார் கண்ணில் பட வேண்டும் என்பதை முடிவு செய்வது நீங்களும் இல்லை, உங்கள் நண்பரும் இல்லை. அந்த நிறுவனத்தின் கணக்கீடு. எது அதிகம் பேரை நிறுத்தி வைக்கிறதோ, எதற்கு உடனே பதில் குவிகிறதோ, அதுவே மேலே வருகிறது. நாளடைவில் நம் கையும் அதற்கேற்பப் பழகிவிடுகிறது. பாட்டி வைத்த புளிக்குழம்பைப் பற்றி நிதானமாக எழுத உட்கார்ந்தவர், இதற்கு எத்தனை பேர் விருப்பம் போடுவார்கள் என்று யோசித்து, யாரையாவது சாடி நாலு வரி போட்டுவிட்டு எழுந்து போகிறார். இந்தப் பழக்கம் பல நல்ல எழுத்துக்காரர்களைக் கெடுத்திருக்கிறது என்பதை ஆசிரியர் மேசையில் இருப்பவன் என்ற முறையில் வருத்தத்தோடு சொல்கிறேன்.

நம் ஊரில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வ.உ.சி. நகர் வீடுகளின் மேல் இறங்கின. குழந்தைகள் உட்பட 7 பேரை இழந்தோம். அந்த ஆண்டு டிசம்பர் 13-இல் தீபம் ஏற்றியபோது பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. அந்த நாட்களில் நம் கைப்பேசிகள் நிரம்பி வழிந்தன. எந்தப் பக்கமாகத் தண்ணீர் வந்தது, பாறை உருளும் சத்தம் முதலில் யாருக்குக் கேட்டது, எந்த ஓடை அடைபட்டிருந்தது, பழைய மழைகளில் அதே இடத்தில் என்ன நடந்தது என்றெல்லாம் அந்தத் தெருக்காரர்கள் சொன்னார்கள், குரல் பதிவாக அனுப்பினார்கள், படம் போட்டார்கள்.

அவை இன்று எங்கே? பாதி, வாட்ஸ்அப் குழுக்களில் இடம் பற்றவில்லை என்று அழித்தாகிவிட்டது. மீதி, யாரும் தேடிப் பிடிக்க முடியாத ஆழத்தில் கிடக்கிறது. நாளிதழ்களில் செய்தி இருக்கிறது, அரசிடம் அறிக்கை இருக்கும். ஆனால் அந்தத் தெருவில் நாற்பது ஆண்டு வாழ்ந்த ஓர் அம்மா தன் வாசலில் நின்று கண்டது, தேதியோடும் இடத்தோடும் எழுதிய ஒரு பக்கமாக, தேடினால் கிடைக்கும்படி இருக்கிறதா? இருந்தால் அடுத்த பெருமழைக்கு முன் அதைப் படிக்க வேண்டியவர்கள் படிப்பார்கள். தனிப் பக்கம் வேண்டும் என்று நான் சொல்வது எழுதுபவரின் பெருமைக்காக மட்டும் இல்லை. ஊருக்கு நினைவு வேண்டும் என்பதற்காகவும்தான்.

எழுதி வைத்த ஒருவரால் ஊருக்கும் உலகுக்கும் எவ்வளவு கிடைக்கும் என்பதற்குத் திருவண்ணாமலையைவிட நல்ல சாட்சி வேண்டாம். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்த ரமணர் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தார். 1902-இல் அவரைக் காண வந்தவர் சிவப்பிரகாசம் பிள்ளை. தத்துவம் படித்தவர், வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். மலையில் விரூபாட்ச குகையில் ரமணர் இருந்த காலம் அது. பிள்ளை கேட்டார், ரமணர் வாய் திறவாமல் மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டினார். மணலில் எழுதியது எவ்வளவு நேரம் நிற்கும்? பிள்ளை அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டார். 21 ஆண்டுகள் கழித்து, 1923-இல், அந்தக் குறிப்புகள் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக அச்சேறின. இன்று உலகின் பல மொழிகளில் அதைப் படிக்கிறார்கள். ஓர் அரசு ஊழியர் குறிப்பெடுக்காமல் விட்டிருந்தால் அது நமக்கு இல்லை.

இன்னொருவர் சூரி நாகம்மா. ஆந்திரத்திலிருந்து 1941-இல் இங்கே வந்தவர். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. சென்னையில் வங்கிப் பணியில் இருந்த சகோதரர் டி.எஸ். சாஸ்திரி, ரமணரின் ஆசிரமத்தில் அன்றாடம் நடப்பதைத் தனக்குக் கடிதமாக எழுதும்படி கேட்டுக்கொண்டார். 1945 நவம்பரில் நாகம்மா தெலுங்கில் எழுதத் தொடங்கினார். 1950 ஏப்ரலில் ரமணர் மறையும் காலம் வரை எழுதினார். பெரிய தத்துவ விசாரமும் அதில் உண்டு. பசு லட்சுமியும், மயிலும், குரங்கும், அணிலும் உண்டு. அன்றைக்குக் கூடத்தில் யார் வந்தார், என்ன கேட்டார், ரமணர் எதற்குச் சிரித்தார் என்பதும் உண்டு. படிக்கும் நமக்கு அந்தக் கூடத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். மேதைகள் பலர் வந்துபோன இடம் அது. ஆனால் அங்கிருந்த அன்றாட வாழ்வை நாம் இவ்வளவு அருகில் பார்ப்பது, தன் சகோதரருக்குக் கடிதம் எழுதிய ஒரு பெண்ணின் கண் வழியாக.

இந்த இருவரிடமும் எழுத வருபவர் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. இருவரும் தங்களைப் பெரிய எழுத்தாளராக நினைத்துக்கொள்ளவில்லை. எத்தனை பேர் படிப்பார்கள் என்று கணக்குப் பார்க்கவில்லை. நாகம்மாவுக்குத் தொடக்கத்தில் வாசகர் ஒரே ஒருவர். பார்த்ததைப் பார்த்தபடி, நாள் குறித்து, தொடர்ந்து எழுதினார்கள். அதைப் பத்திரமாக ஓர் இடத்தில் வைத்தார்கள். வலைப்பூவுக்கும் வேண்டியது இவ்வளவுதான்.

தமிழில் வலைப்பூக்கள் 2003-ஐ ஒட்டித் துளிர்த்தன. அதற்கு முன்பு ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்தது. ஒன்றில் தெரிவது மற்றொன்றில் பூச்சி பூச்சியாகத் தெரியும். யூனிகோடு வந்து அந்தத் தொல்லை தீர்ந்தது. எ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் வீட்டுக் கணினியில் தமிழ்த் தட்டச்சைக் கொண்டுவந்தன. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, ஆங்காங்கே தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தவர்களை ஒரே இடத்தில் காட்டியது. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து டொரண்டோவில் குடியேறியவரும், துபாயில் வேலை பார்த்த தஞ்சாவூர்க்காரரும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எழுத உட்கார்ந்த மதுரை இல்லத்தரசியும் ஒருவரை ஒருவர் படித்தார்கள். பத்திரிகைகளில் இடம் கிடைக்காத அனுபவங்கள், ஊர்ச் சொற்கள், சமையல் குறிப்புகள், ஊர் வரலாறுகள் அங்கே எழுத்தாகின. பிறகு ஃபேஸ்புக் வந்ததும் பலர் அங்கே போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன வலைப்பூக்களில் பல இன்றும் அப்படியே திறக்கின்றன. 2006-இல் எழுதிய ஒரு கோயில் குறிப்பும், ஒரு கிராமத்து விளையாட்டைப் பற்றிய கட்டுரையும் கூகுளில் தேடினால் இன்றும் வந்து நிற்கின்றன.

நம் ஊரிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மின்வாரியத்தில் பணிபுரிந்துகொண்டே கதையும் கட்டுரையும் எழுதிய பவா செல்லதுரை, வலைப்பூவிலும் எழுதி வந்தவர். தம் நண்பர்களையும், வீட்டுக்கு வந்துபோன கலைஞர்களையும், ஊரின் எளிய மனிதர்களையும் பற்றிய கட்டுரைகளைப் புத்தகமாக்கியபோது, தம் வீட்டு முகவரியையே தலைப்பாக வைத்தார்: ‘19, டி.எம். சாரோனிலிருந்து’. அவர் மனைவி கே.வி. ஷைலஜா நடத்தும் வம்சி பதிப்பகம் அதை வெளியிட்டது. ஒரு வீட்டின் முகவரி தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த இலக்கிய முகவரி ஆனது இப்படித்தான்.

“நீளமாக எழுதினால் இந்தக் காலத்தில் யார் படிப்பார்கள்?” என்பவர்களுக்கு வெண்முரசைச் சுட்டிக்காட்டுகிறேன். மகாபாரதத்தை நாவல் வரிசையாக எழுதத் துணிந்த ஜெயமோகன், 2014 ஜனவரி 1-இல் அதை இணையத்தில் நாள்தோறும் வெளியிடத் தொடங்கி, 2020 ஜூலையில் 26 நாவல்களாக முடித்தார். சமூக ஊடகம் உச்சத்தில் இருந்த அதே ஆண்டுகளில்தான் காலையில் எழுந்ததும் அடுத்த அத்தியாயத்தைத் தேடிப் போய்ப் படிக்கும் வாசகர் கூட்டம் ஒன்று தமிழில் உருவானது. நம்மால் அவ்வளவு எழுத முடியாது; தேவையும் இல்லை. ஆனால் பொறுமையாகப் படிக்கும் தமிழர்கள் இருக்கிறார்கள் என்பதில் இனிச் சந்தேகம் வேண்டாம்.

அடுத்த கேள்வி நியாயமானது. வலைப்பூவும் ஒரு நிறுவனத்தின் கையில்தானே இருக்கிறது? உண்மை. ஆர்குட் 2014-இல் மூடியது. கூகுள் பிளஸ் 2019-இல் போனது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அங்கே ஆடியும் பாடியும் பேர் வாங்கியிருந்த நம் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு ஒரே இரவில் மேடை இல்லாமல் போயிற்று. பிளாகர் கூகுளுடையது, அதுவும் நாளை மூடாது என்று யாரும் எழுதித்தர முடியாது. ஆனால் வலைப்பூவில் எழுதியதை மொத்தமாக ஒரே கோப்பாக இறக்கி எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் ஏற்றும் வசதி இருக்கிறது. சொந்தமாக ஒரு தள முகவரி வாங்கிவிட்டால், நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி மாறாது. அதற்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் செலவாகலாம். எழுதியதைப் படியெடுத்து வைப்பவருக்கு எந்த நிறுவனம் மூடினாலும் இழப்பு குறைவு.

படியெடுத்து வைக்காததன் விலையைத் திருவண்ணாமலைக்காரர்கள் நன்கு அறிவோம். அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ் 16,000 என்பது மரபு. நம் கையில் இருப்பவை சுமார் 1,300. அவையும் சும்மா கிடைத்துவிடவில்லை. மாவட்ட முனிசீப்பாக இருந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடிச் சேர்த்து, 1894-இல் முதல் பகுதியை அச்சிட்டதால் கிடைத்தவை. பெரும் புலவரின் பாடலுக்கே இந்த நிலை என்றால், நம் எழுத்தை நாம்தான் காக்க வேண்டும்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் பணம் இல்லாமலே பக்கம் திறக்கலாம். தட்டச்சு வராதவர்கள் கைப்பேசியில் பேசினாலே தமிழ் எழுத்தாக விழுகிறது. பிழை திருத்த மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பதிவிலும் தேதியும் ஊரும் இருக்கட்டும். தலைப்பு விஷயத்தைச் சொல்லட்டும். ‘என் எண்ணங்கள் 14’ என்று வைத்தால் தேடுபவருக்குக் கிடைக்காது, ‘கீழ்நாத்தூர் ஏரி நிரம்பிய வருடம்’ என்று வைத்தால் கிடைக்கும். படம் போட்டால் அதில் இருப்பது யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று கீழே எழுதுங்கள். அடுத்தவர் வீட்டு அந்தரங்கத்தை எழுத வேண்டாம். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எழுதி முடித்ததும் சுட்டியை ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் தாராளமாகப் பகிருங்கள். அந்த ஊடகங்களால் நமக்கு ஆகும் பெரிய உதவி அது.

எதை எழுதுவது என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் உங்கள் சிறுவயதில் இருந்த எந்த மரம், எந்தக் குளம், எந்த மண்டபம் இன்று இல்லை? தீபத்தோடு நடக்கும் மாட்டுச் சந்தைக்கு உங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து எத்தனை நாள் நடந்து வந்தார்? மகா தீபத்துக்காகக் கொப்பரையைத் தோளில் சுமந்து மலையேறும் பர்வதராஜ குலத்தாரில் ஒருவர் உங்கள் வகுப்புத் தோழராக இருக்கலாம். முதல்முறை சுமந்தபோது அவர் கால் எங்கே தடுமாறியது என்று கேட்டிருக்கிறீர்களா? அம்மா எந்த மாவில் எந்த அளவில் அடை சுடுவார்? ஆரணியில் தறி நெய்தவர் வீட்டில் ஒரு பட்டுச் சேலைக்கு எத்தனை நாள் ஆனது, எவ்வளவு கூலி கிடைத்தது? ஜவ்வாது மலையில் சாமை விளைந்த வீட்டில் எந்தப் பண்டிகைக்கு என்ன சமைத்தார்கள்? இவற்றை எழுத உங்களைவிடத் தகுதியானவர் வேறு யாரும் இல்லை.

முதல் மாதம் பத்துப் பேர்கூடப் படிக்கமாட்டார்கள். அதைப் பார்த்துச் சோர்ந்து நிறுத்திவிடாதீர்கள். வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டில் 52 கட்டுரை; ஒரு புத்தகம் தாண்டிவிடும். அதைவிட முக்கியம், அந்த ஓர் ஆண்டில் நீங்கள் உங்கள் ஊரைப் பார்க்கும் பார்வை மாறியிருக்கும். எழுதப் போகிறோம் என்று தெரிந்துவிட்டால் கண் உன்னிப்பாகப் பார்க்கிறது, காது கூர்ந்து கேட்கிறது.

செங்கத்து ஆசிரியைக்கு: இந்த வாரமே தொடங்கிவிடுங்கள் அம்மா. உங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எந்த எந்த ஊரிலிருந்து, எந்தப் பாதையில், என்ன பேசிக்கொண்டு வருகிறார்கள் என்பதே முதல் பதிவாக இருக்கட்டும். மற்ற வாசகர்களுக்கும் என் வேண்டுகோள் அதுதான். பக்கம் தொடங்கியதும் முகவரியை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். நானே படிப்பேன். நல்லதைத் தேர்ந்து, உங்கள் பெயரோடும் உங்கள் பக்கத்தின் முகவரியோடும் இந்த இதழில் மாதந்தோறும் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்